கனடாச் சித்தப்பாவின் வரிக்காசில் ஒரு படக்கொட்டகை

கனடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த சாமான்களில் உருப்படியாக உழைத்தது இரண்டுதான். ஒன்று சித்தப்பா வந்து நின்றபோது விட்டுப்போன டோர்ச் லைட், இன்றைக்கும் வயலுக்குப் போக அதுதான். மற்றது அவர் கொண்டுவராமலே வந்தது, கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையத்தளம். என்.எஃப்.பி. என்று மூன்றெழுத்தில் தேடினால் வரும். 1939-இல் தொடங்கிய அரசாங்க நிறுவனம், அங்கே உழைக்கிற சனத்தின் வரிக்காசில் ஓடுகிறது. ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போய்வருகிற சித்தப்பாவின் காசும் ஒரு சதமாவது அதில் இருக்கும் என்ற துணிவில் நான் கொஞ்சம் உரிமையோடுதான் பார்க்கிறேன். அவரிடம் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. "கார்ட்டூனோடா? உனக்கு வயசென்ன?" என்றார்.

கார்ட்டூன்தான். ஆனால் எலியைப் பூனை துரத்துகிற வகை இல்லை. கதிரை கோபித்துக்கொண்டு ஓடும், மணிகள் ஒன்றையொன்று விழுங்கும், மணலில் ஆந்தை முளைத்து மணலாகவே போகும். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், மிஞ்சினால் பதினேழு நிமிடம். பார்த்து முடித்ததும் "சரி, இப்ப என்ன நடந்தது?" என்று ஆளை ஆள் பார்க்கவைக்கிற படங்கள். மூன்று மாதமாக இதிலேயே கிடக்கிறேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக் குளத்துக்கும் நடுவில். வீட்டுக்குள் சிக்னல் வராது, கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், மழைக்கோலம் என்றால் அதுவும் போய்விடும். ஆகவே றீலோட் போட்டுப் போட்டுப் பார்க்கிற ஒருவனின் கணக்கு இது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று குடிக்கிற டேட்டாவில் பத்து நிமிடப் படம் பதினைந்து பார்க்கலாம். பெரும்பாலானவைக்குக் காசு இல்லை, பதிவு செய்யச் சொல்லி மின்னஞ்சல் கேட்பதில்லை, படத்தின் நடுவில் பற்பசை விற்க ஆள் வருவதில்லை. தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும்தான், தமிழில் ஓர் எழுத்தும் கிடையாது. ஆனால் நான் சொல்லப்போகிற படங்கள் பலவற்றில் பேச்சே இல்லை என்பதால் உள்ளே நுழைந்த பிறகு அது ஒரு குறையாகவே படவில்லை. இதை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுப் படம் என்றால் எங்களுக்கு எப்போதும் இரண்டாம் கைதான், ஒன்றில் சென்னையில் குரல் கொடுத்து வரும், இல்லையென்றால் கீழே ஓடுகிற எழுத்தை வாசித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். பேச்சில்லாத படத்தில் மொன்றியலில் இருக்கிறவனுக்கு விளங்குவது எவ்வளவோ முத்தையன்கட்டில் இருக்கிறவனுக்கும் அவ்வளவே. அவனுக்கும் பாதி விளங்காது, எனக்கும் பாதி விளங்காது.

முதலில் பார்த்தது 'எ செயரி டேல்', 1957-இல் நோர்மன் மக்லாரன் என்பவர் குளோட் ஜூத்ராவோடு சேர்ந்து செய்தது. ஓர் ஆள் புத்தகத்தோடு வருகிறான், கதிரையில் இருக்கப் பார்க்கிறான், கதிரை விலகுகிறது. பிறகு அவன் துரத்த அது ஓட, அது உதைக்க இவன் விழ, கெஞ்சல், கோபம், ஆட்டம் எல்லாம் நடக்கிறது. சிதார் வாசிப்பது ரவி சங்கர், தபேலா சதுர் லால். கறுப்பு வெள்ளையில் ஒரு வெறும் மேடை, ஓர் ஆள், ஒரு மரக்கதிரை, வேறொன்றும் இல்லை. கதிரையில் மெல்லிய நூல் கட்டி ஆட்டியவர் ஈவ்லின் லாம்பார்ட் என்று பிறகுதான் அறிந்தேன், அறிந்த பிறகு திரும்பப் பார்த்தாலும் நூல் கண்ணுக்குப் படவில்லை, கதிரையின் ரோசம்தான் படுகிறது. கடைசியில் எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பதைச் சொல்லமாட்டேன், அந்த இடத்தில் எங்கள் அம்மம்மா கைதட்டினார் என்பதை மட்டும் சொல்கிறேன். அம்மம்மாவுக்குச் சேவல் பேசுகிற, உலக்கை பிள்ளை பெறுகிற கதைகளெல்லாம் தெரியும், அவருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. "கதிரைக்கும் மனமிருக்கும்தானே, எத்தினை பேரைச் சுமந்தது" என்றார். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தது பள்ளிக்கூடத்தில் கவிதைக்குப் பொழிப்பு எழுதிப் பழகிய நான்தான்.

இந்தப் படங்களின் ருசி அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கனவில் இறந்துபோன மாமா சைக்கிளில் வருவார், அந்தச் சைக்கிள் மாடாக இருக்கும், நாங்கள் அதை ஏன் என்று கேட்பதில்லை, விழித்த பிறகுதான் கேட்கிறோம். இப்படிக் கனவின் கணக்கில் ஓடுவதைத்தான் மீயதார்த்தம் என்கிறார்கள். நல்ல மீயதார்த்தப் படம் அந்தக் கேள்வியைப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்கிறது. கெட்ட படம் முதல் நிமிடத்திலேயே கேட்கவைத்துவிடும். அப்படிப்பட்டவையும் அங்கே தாராளமாக உண்டு. நிறக்கோடுகள் ஏழு நிமிடம் நெளிகிற ஒன்றைக் கிணற்றுக்கட்டில் நின்றபடி முழுதாகப் பார்த்தேன், கால் நொந்ததுதான் மிச்சம்.

போனில் பார்த்தது போதும், பெரிதாகப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் ஆசை வந்தது. சின்ன வயதில், மின்சாரம் இல்லாத காலத்தில், டெக்கும் டிவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து இரவிரவாக மூன்று படம் ஓட்டுவார்கள், ஊரே பாயோடு வந்துவிடும், மூன்றாவது படம் முடிகிறபோது விடிந்திருக்கும், பாதிப்பேர் நித்திரை. அந்த நினைவில் புரொஜெக்டர் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். கொண்டுவந்து போட்டால் மஞ்சள் காமாலை பிடித்த வெளிச்சம், ஒலிபெருக்கி ஒரு பக்கம் ஊமை, காற்றாடிச் சத்தம் மட்டும் உழவு இயந்திரம் மாதிரி. காசைத் திருப்பிக் கேட்டதற்கு "படம் தெரிஞ்சதுதானே" என்றார்கள். தெரிந்ததுதான். அப்பாவின் பட்டு வேட்டி கிடைக்காமல் சாதா வேட்டியை இரண்டு பப்பாசி மரங்களுக்கு நடுவில் கட்டி, முதல் நாளே டவுன் பஸ் நிலையத்தடியில் நின்று போனில் இறக்கி வைத்த படங்களைப் போட்டோம். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வளவுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், அம்மா, அம்மம்மா, கிளிநொச்சியிலிருந்து வருகிற வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்த மச்சான்.

அன்றைக்குப் போட்டதில் பெரிய சண்டையைக் கிளப்பியது 'நெய்பர்ஸ்'. இதுவும் மக்லாரன் செய்ததுதான், 1952, ஒஸ்கார் வாங்கியது. எட்டு நிமிடம். கதையைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இதை வெளிநாட்டுப் படம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இரண்டு அயலவர்கள், மட்டையில் செய்த இரண்டு வீடுகள், இருவரும் சாய்மனைக் கதிரையில் பேப்பர் படிக்கிறார்கள், நடுவில் எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. முதலில் இருவரும் மணந்து மயங்குகிறார்கள். பிறகு பூ யாருடையது என்ற கேள்வி வருகிறது, வேலி வருகிறது, வேலிக்கட்டையைப் பிடுங்கி அடிபாடு வருகிறது. இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி அரை முழம் அரக்கி நட்டதில் தொடங்கி, மூன்று தலைமுறையாகக் கோட்டுக்கு அலைகிற காணி வழக்குகளை எங்களுக்குத் தெரியாதா? மச்சான் கச்சானை மறந்துவிட்டு "பூ இந்தப் பக்கம்தான் முளைச்சது, வடிவாப் பாருங்கோ" என்று எழும்பி வேட்டிக்குக் கிட்டப் போய்விட்டார்.

இதில் நடிப்பவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால் பொம்மையை அசைத்து அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பதுபோல மனிதரையே நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார், பிக்ஸிலேஷன் என்று அதற்குப் பெயர். குதிக்கும்போது காற்றில் இருக்கிற நொடியை மட்டும் எடுத்து, திரும்பக் குதிக்கச் சொல்லி, திரும்ப எடுத்து, அவற்றைச் சேர்த்தால் ஆள் புல்லுக்கு மேலே மிதந்து போகிறான். சத்தமும் வாத்தியத்தில் வந்ததில்லை, ஃபிலிமில் ஒலி பதிகிற ஓரத்தில் கோட்டு வடிவங்களைப் பதித்தே உண்டாக்கினாராம். மக்லாரன் 1949-இல் யுனெஸ்கோ வேலையாகச் சீனாவுக்குப் போய்வந்தவர், வந்த பிறகு கொரியப் போர், அந்த வெக்கையில் செய்த படம். கடைசிப் பகுதியில் ஒருவன் மற்றவனின் வீட்டை உடைத்து மனைவியையும் கைக்குழந்தையையும் அடித்துக் கொல்கிறான், மற்றவனும் அப்படியே செய்கிறான். இந்தக் காட்சியை ஒருகாலம் வெட்டி எடுத்துவிட்டு, வியட்நாம் போர்க் காலத்தில் திரும்பச் சேர்த்தார்கள். நான் அதை முன்கூட்டி யோசிக்காமல் போட்டது என் பிழை. அதுவரை சிரித்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குளத்துப் பக்கம் யாரோ யானைவெடி போட, சின்ன மருமகள் வேட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் மடியில் இருந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் போடுகிறவர்கள் பூச் சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

அடுத்ததாக மனதை மாற்றப் போட்டது 'பீட் கேம்', 1977. செய்தவர் இஷு பட்டேல், குஜராத்தில் பிறந்து கனடாவுக்குப் போனவர். கறுப்புப் பின்னணியில் சின்னச் சின்ன மணிகள், ஆயிரக்கணக்கில். ஒரு மணி இரண்டாகி, ஏதோ பூச்சியாகி, பூச்சியை மீன் விழுங்கி, மீனை வேறொன்று விழுங்கி, கடைசியில் மனிதன் வந்து, பிறகு என்ன, அடிபாடுதான். கனடாவின் வடக்குப் பனிப்பகுதிப் பூர்வகுடிகளான இனுவிட் பெண்கள் செய்கிற மணிவேலையைப் பார்த்து வந்த யோசனையாம். பின்னால் ஓடுகிற தாளம் எங்கள் கோயில் மேளத்துக்குப் பழகிய காதுக்கு அந்நியமாகவே இல்லை, மருமகன் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டான். ஒவ்வொரு மணியையும் கையால் நகர்த்தி நகர்த்தி எடுத்தது என்று சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி: "ஆருக்கடா இவ்வளவு பொறுமை? சம்பளம் குடுத்தவையோ?" குடுத்தவை. அரசாங்கம் குடுத்தது. ஒருவன் மாதக்கணக்காக மணி நகர்த்துவதற்கு ஓர் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பதுதான் எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாவற்றையும்விட நம்பமுடியாத மீயதார்த்தமாக இருந்தது.

மணல் படம் ஒன்று உண்டு, கரோலின் லீஃப் 1974-இல் செய்தது, வாத்தைக் கலியாணம் செய்த ஆந்தையின் கதை. இனுவிட் பழங்கதை, அவர்களின் மொழியிலேயே குரல், விளங்காதது பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடித் தட்டின் கீழ் வெளிச்சம், மேலே மணல், விரலால் தள்ளித் தள்ளி உருவம், மேலிருந்து கமெரா ஒரு படம் எடுக்கும். அடுத்த படத்துக்கு முந்தியதை அழித்தால்தான் உண்டு. படம் முடிகிறபோது தட்டில் கடைசி உருவம் மட்டும்தான் கிடக்கும், மற்ற ஆயிரக்கணக்கானவை போனவை போனவைதான். ஆந்தை வாத்துகளோடு குடும்பமாக இருக்கப் பார்க்கிறது, குஞ்சுகளும் பிறக்கின்றன, பிறகு வாத்துகள் தெற்கே கிளம்புகிற காலம் வருகிறது. மாரியில் எங்கள் குளத்துக்கு வந்து தங்கிவிட்டு ஒருநாள் காலையில் சொல்லாமல் போய்விடுகிற பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முடிவு முதலே தெரிந்துவிடும். தெரிந்தாலும் நோகும்.

ஊசித்திரை பற்றியும் ஒரு வரி. அலெக்சாந்தர் அலெக்செய்ஃபும் கிளேர் பார்க்கரும் கண்டுபிடித்த ஒரு பலகை, நிறைய ஊசிகள், கூட்டிக் குறைத்துத் தள்ளினால் பக்கத்து வெளிச்சத்தில் நிழல் விழும், அந்த நிழல்தான் ஓவியம். வாரியத்திடம் இருக்கிற பலகையில் 240,000 ஊசிகள். அதில் ஜாக் துருவேன் 1976-இல் செய்த 'மைண்ட்ஸ்கேப்' என்ற படத்தில் ஓவியன் தான் வரைந்த படத்துக்குள்ளேயே நடந்து போகிறான். மஞ்சள் புரொஜெக்டரில் இது எடுபடவில்லை, போனில், இரவில், வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

'மடாம் டுட்லி-புட்லி' 2007-இல் வந்தது, பதினேழு நிமிடம், கிறிஸ் லாவிஸ், மச்செக் ஷ்செர்பொவ்ஸ்கி என்ற இருவர். பொம்மைகளை அசைத்து எடுத்த படம், ஆனால் பொம்மையின் முகத்தில் இருப்பது உண்மையான மனிதக் கண்கள், நடிகையின் கண்களைத் தனியாகப் படம் எடுத்துப் பொம்மையில் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கண்கள் உங்களைப் பார்க்கும்போது முதுகில் ஏதோ ஊரும். ஒரு பெண் ரயில் மேடையில் நிற்கிறாள், அவளைச் சுற்றிப் பெட்டிகள், மூட்டைகள், தளபாடங்கள், ஒரு வீட்டுச் சாமான் முழுக்க மலையாகக் குவிந்திருக்கிறது. இரவு ரயிலில் ஏறுகிறாள். பிறகு நடப்பதில் எது கனவு, எது களவு என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பேச்சு ஒன்றும் இல்லை. படம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அம்மா மெல்லச் சொன்னார், "அவ்வளவையும் கட்டிக்கொண்டெல்லோ வெளிக்கிட்டிருக்கிறாள்." பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் 2008 கடைசியில் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான் இருந்தது, தையல் மெஷின், கதவு நிலை, அம்மியும் கூட. ஒவ்வொரு இடமாக இறக்கி இறக்கி, கடைசியில் கையில் இருந்தது ஒரு பை. கனடாவில் இரண்டு பேர் பொம்மை செய்தபோது இதையெல்லாம் நினைத்திருக்கமாட்டார்கள், நினைத்து எடுத்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்காது என்றும் தோன்றுகிறது. எங்களைப் பற்றி என்றே எடுத்த படங்களில் அம்மா பாதியில் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். இதை முழுதாக இருந்து பார்த்தார்.

'ரயன்' என்ற படத்தை நான் அவர்களுக்குப் போடவில்லை, தனியாகத்தான் பார்த்தேன். 2004, கிறிஸ் லாண்ட்ரெத், இதற்கும் ஒஸ்கார். ரயன் லார்கின் என்பவர் 1968-இல் மனிதர்கள் நடப்பதை மட்டும் வைத்து 'வாக்கிங்' என்று ஓர் அருமையான படம் செய்தவர், பிறகு குடியும் போதையுமாகி மொன்றியல் தெருவில் கைநீட்டிப் பிழைத்தவர். அவரோடு பேசிப் பதிந்த குரலை வைத்துக் கணினியில் செய்த படம் இது, ஆங்கிலப் பேச்சு, தூஷணமும் உண்டு. அதில் மனிதர்களுக்கு உள்ளே உடைந்தது வெளியே தெரிகிறது. ரயனின் தலையில் பாதிக்கு மேல் இல்லை, சில நரம்பும் கண்ணாடியும் மயிரும் அந்தரத்தில் நிற்கின்றன, அப்படியே சிரித்துக் கதைக்கிறார். காலில்லாதவரோ கையில்லாதவரோ எங்கள் சந்தியில் வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது பழகிவிட்டது. முழு உடம்போடு தேத்தண்ணிக் கடையில் இருக்கிற சிலரை நினைத்தேன், லாண்ட்ரெத் வந்து அவர்களை வரைந்தால் எதை வரைவார், எதை விடுவார் என்று. இரண்டாம் தரம் பார்க்க இன்னும் மனம் வரவில்லை.

இந்தத் தளத்தில் உலகமே இருக்கிறது என்று நினைக்கவேண்டாம், கனடா வாரியம் செய்தது மட்டும்தான். காய்கறியும் கரண்டியும் சேர்ந்த தலைகள் ஒன்றையொன்று தின்கிற, செக் நாட்டு இயக்குநர் ஷ்வாங்மாயரின் 1982 படமோ, ஜப்பானியர் கோஜி யமமுராவின் 2002 படமோ அங்கே கிடைக்காது, வேறு இடத்தில் தேடவேண்டும். யமமுராவின் படத்தைக் கட்டாயம் தேடுங்கள். ஒரு கஞ்சன் செர்ரிப் பழத்தை விதையோடு விழுங்குகிறான், தலையில் மரம் முளைக்கிறது, சனம் மரத்தடியில் பாய் விரித்துக் கூத்தடிக்கிறது, அதன் பிறகுதான் உண்மையான விசர் தொடங்குகிறது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய் வாய் ஒட்ட ஒட்டத் தின்றுவிட்டு, 'விதை போச்சு, வயித்தில மரம் முளைக்கும்' என்று அம்மம்மா வெருட்டியதில் இரவு நித்திரை வராமல் வயிற்றைத் தடவிப் பார்த்தவன் நான், எனக்கு அது பயப்படம்.

பத்துக்கு எத்தனை என்றால் எட்டரை போடுவேன். தமிழ் இல்லாததற்கு ஒன்று, நல்லதையும் சலிப்பையும் பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் நாமே தோண்டவேண்டியிருப்பதற்கு அரை. புரொஜெக்டருக்குப் பூச்சியம்.

ஒரு பக்கவிளைவையும் சொல்லவேண்டும். மருமகனுக்குப் பதின்மூன்று வயது, படம் பார்த்த மறுநாளே என் போனைப் பிடுங்கிக்கொண்டான். அம்மம்மாவின் பாக்குரலைத் திண்ணையில் வைத்து ஒரு படம், விரலளவு நகர்த்தி ஒரு படம், இப்படியே படியிறங்கி, கோழிக்கூட்டைச் சுற்றி, கிணற்றடி வரைக்கும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கில் 192 படங்கள், பதினாறு நொடி. வெய்யில் மாற மாற நிழல் ஓடுகிறது, நடுவில் கோழி ஒன்று பாய்ந்து மறைகிறது, இரண்டு இடத்தில் அவனுடைய பெருவிரல் தெரிகிறது. ஆனால் உரல் நடக்கிறது. சும்மா நடக்கவில்லை, கிணற்றடிக்குக் கிட்டப் போனதும் கொஞ்சம் தயங்கி நிற்கிறது, அது வேண்டுமென்று செய்ததா, படம் எடுக்க மறந்ததா என்று கேட்டால் சிரிக்கிறான். அம்மம்மாவுக்குக் காட்டினோம். பார்த்துவிட்டு, சந்தோசம், அப்ப உரல் எங்கே, வெத்திலை போடவேணும் என்றார்.

"அது போன படம்தான் எடுத்தது அம்மம்மா, திரும்பி வாற படம் நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். பாக்குரல் இன்னும் கிணற்றடியில்தான் நிற்கிறது.